35 மார்க்குக்கு ஒரு வழி

பணியில் இருந்த காலத்தில் எனக்குப் போர்த்திய பொன்னாடைகள் நான்கு. நான்குமே பத்தாம் வகுப்புக் கணக்கில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டியதற்காக. அந்த நூறு சதவீதம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு 'எல்லாப் பிள்ளைகளுக்கும் கணக்கு' என்று நான் பேசினால் நாணயமாக இருக்காது.

சமச்சீர் கல்வியில் பத்தாம் வகுப்புக்கு முதல் பொதுத்தேர்வு 2012இல் நடந்தது. கணக்கு வினாத்தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 15. கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியலுக்கு 10, வரைபடத்துக்கு 10. கூட்டிப் பாருங்கள், 35. பாஸ் மார்க்கும் 35. இந்தக் கூட்டலை எந்தக் கணக்கு வாத்தியாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வகுப்பை இரண்டாகப் பிரிப்போம். ஒரு பக்கம் 'கணக்கு வரும்' பிள்ளைகள். மறுபக்கம் 'மெல்லக் கற்போர்', ஸ்டாஃப் ரூமில் 'ஸ்லோ லேனர்ஸ்'. இரண்டாம் பக்கத்துக்கு மூன்று மாதமும் தொடுகோடு, வட்ட நாற்கரம், ஒரு பரவளைய வரைபடம், புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் கேள்விகள், அவ்வளவுதான். இயற்கணிதம், முக்கோணவியல், நிகழ்தகவு எல்லாவற்றையும் "நீ விட்டுடு" என்று நானே சொல்வேன். மாலையில் சிறப்பு வகுப்பு வைத்து என் செலவில் சுண்டலும் கொடுத்தேன். அன்பாகத்தான் செய்தேன். அதனால்தான் அதிலிருந்த கோளாறு இத்தனை வருஷம் கண்ணில் படவில்லை.

அந்த இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? பள்ளி விட்டதும் வேலைக்குப் போகிற பையன்கள், அம்மா வயலிலிருந்து வருவதற்குள் உலை வைக்க வேண்டிய பெண் பிள்ளைகள், காலனிப் பிள்ளைகள். நான் சாதி பார்த்துப் பிரிக்கவில்லை, மார்க் பார்த்துத்தான் பிரித்தேன். பிரித்த பிறகு நிமிர்ந்து பார்த்தால் ஊர் எப்படிப் பிரிந்திருந்ததோ வகுப்பும் ஏறக்குறைய அப்படித்தான் பிரிந்திருந்தது.

2017 வாக்கில் ஒருநாள் பேருந்துக்காக நின்றபோது பழைய மாணவன் ஒருவன் வண்டியை நிறுத்தினான். 41 மார்க் எடுத்துப் பாஸானவன். "ஏறுங்க டீச்சர், நான் விட்டுர்றேன்." வழியில் டீக்கடையில் நிறுத்தி, வண்டிக் கடன் ரசீதைக் காட்டினான். 60,000 ரூபாய் கடன், 12 சதவீத வட்டி, இரண்டு வருஷம், மாதம் 3,100 டியூ. "சரியாத்தானே போட்டிருக்காங்க?"

வருஷத்துக்கு 7,200 வட்டி, இரண்டு வருஷத்துக்கு 14,400. அசலோடு சேர்த்து 74,400. அதை 24ஆல் வகுத்தால் 3,100. கூட்டல் பெருக்கலில் தப்பில்லை. ஆனால் அவன் மாதாமாதம் அசலையும் அடைத்துக்கொண்டே வருகிறான். முதல் வருஷ முடிவில் அசலில் பாதி அடைந்திருக்கும், வட்டி மட்டும் முழு 60,000க்கும் ஓடிக்கொண்டிருக்கும். கையில் மீதி இருக்கிற அசலுக்கு மட்டும் வட்டி என்று வைத்துப் பார்த்தால் அது ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கும் மேல் வருகிறது. ரசீதின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆனா தொடுகோடு இப்பவும் கண்ணை மூடிக்கிட்டு வரைவேன் டீச்சர்" என்றான். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே பெருமையாகச் சொன்னான். வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை.

எனக்கு இது தெரியாமல் போயிருக்கவே கூடாது. நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதே வேறு இடத்தில். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்புக்காகக் காத்திருந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. தொண்டராகச் சேர்ந்தேன். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதைத்தான் ஊரெல்லாம் பேசினார்கள். எனக்குக் கிடைத்தது கல்குவாரிப் பெண்களின் ராத்திரி வகுப்பு.

பெருக்கல் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஒருநாள், "ஒரு லோடுக்குப் பதிமூன்றரை ரூபாய், ஏழு லோடுக்கு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுப் பலகை பக்கம் திரும்பினேன். சாக்பீஸை எடுப்பதற்குள் பின்னாலிருந்து விடை வந்துவிட்டது. "தொண்ணூத்தி நாலரை தாயி." எப்படி என்று கேட்டேன். "ஏழு பத்து எழுவது. ஏழு மூணு இருவத்தொண்ணு. ஏழு அரைக்கு மூணரை." பங்கீட்டுப் பண்பு என்று நான் கல்லூரியில் பெயர் வைத்துப் படித்ததை, பெயர் தெரியாமல் அவர் தினமும் செய்துகொண்டிருந்தார். அவருக்குத் தெரியாதது, கைநாட்டு வைக்கும் நோட்டில் அந்தத் தொகை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை வாசிப்பதுதான். ஏமாற்றம் நடந்ததெல்லாம் அந்த இடைவெளியில்.

பிரேசிலில் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்யும் சிறுவர்களைப் பற்றி 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பின்னாளில் படித்தேன். ஐந்தே சிறுவர்கள்தான். தெருவில் விற்கும்போது 98 சதவீதக் கணக்குகளைச் சரியாகச் சொன்னவர்கள், அதே மாதிரிக் கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகப் போட்டார்கள். படித்ததும் எனக்குக் குவாரிதான் கண்முன் வந்தது. ஆனால் அரசு வேலை கிடைத்துத் தேர்ச்சி சதவீதம் கழுத்தில் ஏறியதும் அதெல்லாம் மறந்துபோனது. சூழ்நிலை என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அது மறதிதான்.

2014இல் வட்டார வள மையத்துக்கு ஆசிரியப் பயிற்றுநராகப் போனேன். பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்ப்பது வேலை. படிவம் நிரப்புவது இன்னொரு வேலை, அதைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை போதாது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் போடும் கணக்கைப் பார்த்தது அப்போதுதான். பத்தாம் வகுப்பில் நான் 'வராது' என்று ஒதுக்கியது எங்கே தொடங்குகிறது என்பது அங்கே தெரிந்தது.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 403இலிருந்து 178ஐக் கழித்து 375 என்று எழுதியிருந்தாள். தப்பு என்று சிவப்பு மையில் சுழித்திருந்தது. "எப்படிம்மா போட்டே?" என்றேன். "பெருசுலேருந்து சின்னதைத்தானே கழிக்கணும்? எட்டுல மூணு போனா அஞ்சு. ஏழுல சைபர் போனா ஏழு. நாலுல ஒண்ணு போனா மூணு." ஒன்றாம் வகுப்பில் நாம் சொல்லிக்கொடுத்த விதி அது. அவள் அதைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறாள். கடன் வாங்கிக் கழிப்பது நடந்த வாரத்தில் அவள் பள்ளியிலேயே இல்லை, அம்மை போட்டிருந்ததாம். நூறு, பத்து, ஒன்று என்று காகிதத்தில் வெட்டிய நோட்டுகளில் நாலு நூறும் மூன்று ஒன்றும் கொடுத்து, "கடைக்காரருக்கு 178 கொடு" என்றேன். கொஞ்சம் திணறிவிட்டு ஒரு நூறை நீட்டி, "சில்லறை மாத்திக் குடுங்க டீச்சர்" என்றாள். பத்து பத்துகளாகக் கொடுத்தேன். அதில் ஒரு பத்தையும் மாற்றிக் கேட்டாள். மீதியை எண்ணி 225 என்றாள். அப்புறம் நோட்டைத் திருப்பித் தன் 375ஐ அவளே முறைத்துப் பார்த்தாள்.

அன்றிலிருந்து பயிற்சிகளில் ஆசிரியர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டது ஒன்றுதான். "எப்படிப் போட்டே?" என்று கேளுங்கள், முக்கியமாக விடை சரியாக இருக்கும்போது கேளுங்கள். தப்பாகப் போட்டால் மட்டும் கேட்டால் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். 'எப்படி' என்று வாயைத் திறக்கும்போதே அழிப்பானை எடுத்துவிடுவார்கள்.

எண்களின் பெயர்கூட ஒரு தடை என்பதும் அங்கேதான் உறைத்தது. 'தொண்ணூற்றிரண்டு' என்று சொல்லி எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் 102 என்றும் 902 என்றும் எழுதுவார்கள். பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. எண்பது வரைக்கும் பத்து பத்தாக ஒழுங்காக வந்த தமிழ், தொண்ணூறில் மட்டும் காதில் 'நூறு' என்று விழுகிறது. தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' விழுகிறது. இதை ஒரு வேடிக்கையாகவே பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும், பாதிக் குழப்பம் போய்விடும். அதே தமிழ் இன்னொரு இடத்தில் பெரிய உதவி செய்கிறது. பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும் என்று பெயரிலேயே இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு வந்தபின் அதே பிள்ளை தர்ட்டீன், தர்ட்டி இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. ஆங்கில வழி வேண்டாம் என்று பெற்றோரிடம் வாதாடும் தைரியம் எனக்கில்லை, அவர்கள் ஆசையில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த வழியாக இருந்தாலும் ஒன்றாம் வகுப்பில் "தர்ட்டீன், பத்தும் மூணும்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

செயல்வழிக் கற்றலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது அது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் பிறந்த யோசனை. பாட அட்டைகள், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படி, தரையோடு தாழ்ந்த கரும்பலகை; ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் போகலாம். கேலி செய்தவர்கள் நிறைய. எனக்கும் குறைகள் தெரியும். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் இருக்கும் பள்ளியில் ஆசிரியர் அட்டை தேடியே களைத்துப்போவார், சில பிள்ளைகள் ஒரே அட்டையில் மாசக்கணக்கில் நிற்பார்கள். ஆனால் கரும்பு வெட்டப் போகும் அப்பா அம்மாவோடு இரண்டு மாதம் போய்விட்டு வந்த பையன், போகும்போது விட்ட அட்டையைத் திரும்ப எடுத்து அங்கிருந்தே தொடர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். வகுப்பு அவனை விட்டுவிட்டுப் போகவில்லை. வேறு எந்த முறையிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

2005 தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஆர். ராமானுஜம் தலைமையில் கணிதம் கற்பித்தல் குறித்து ஓர் ஆவணம் தயாரானது. நம் கணக்குப் பாடத்திட்டம் ஒல்லியாக உயர்ந்து நிற்கிறது, ஒரு படி தவறினால் அதற்கு மேல் எல்லாம் போச்சு, அதை அகலமாக்க வேண்டும் என்ற கருத்து அதில் உண்டு. வருஷத்தில் எந்த வாரம் வேண்டுமானாலும் காணாமல் போகக்கூடிய பிள்ளைகள் நம்முடையவர்கள். அவர்களைப் பொறுத்தவரை இது பொருளாதாரக் கேள்வியும்தான். நான் செய்துகொண்ட சின்ன ஏற்பாடு இது: எந்தப் பாடத்தைத் தொடங்கினாலும் முதல் பாடவேளையில், அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய இரண்டே விஷயங்களை வகுப்பு முழுவதற்கும் சேர்த்துச் செய்துவிடுவது. தெரியாதவர்களைத் தனியாக எழுப்பிவிடுவதில்லை. தெரிந்தவர்களுக்கு ஒரு பாடவேளை வீண் என்பார்கள். உண்மையில் 'தெரிந்தவர்கள்' பலருக்கும் அது தெரிந்திருக்காது.

2017இல் பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் பாடத்திட்டத்தை மாற்றும் வேலை தொடங்கியது. 2018இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய புத்தகம், அடுத்த வருஷம் மற்ற வகுப்புகளுக்கு. எழுத்துக் குழுக்களில் ஒன்றில் சில மாதங்கள் இருந்தேன். ஒரு வாக்கியக் கணக்கை எழுத அரை நாள் ஆகும் என்பதை அங்கேதான் கற்றேன். வரைவைத் திருப்பிப் பார்த்தால் எங்கள் கணக்குகளில் வட்டிக்கு விடுபவர், நிலம் அளப்பவர், வேலையை 12 நாளில் முடிப்பவர் எல்லாம் ஆண்கள். பெண்கள் காய்கறி வாங்கினார்கள். எழுதியவர்களில் பாதிப் பேர் பெண்கள், நானும் சேர்த்துத்தான். பெயரை மாற்றுவது சுலபம், மாற்றினோம். "கிராமத்துல எந்தம்மா நிலம் அளக்குது?" என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். குவாரி வகுப்புக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

பெயரை மாற்றித் தீராத இடங்கள் உண்டு. நிகழ்தகவு என்றாலே 52 சீட்டு கொண்ட கட்டு வந்துவிடும். பத்தாம் வகுப்பில் வருஷக்கணக்காக அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். ஒருநாள் ஒரு பெண் பிள்ளை, "டீச்சர், ஸ்பேடு எது, கிளாவர் எது?" என்று கேட்டபிறகுதான் விளங்கியது. தோப்பில் சீட்டாடும் பையன்களுக்குக் கேள்வி பாதி முடிந்துபோய்த்தான் வருகிறது. சீட்டைத் தொட்டால் வீட்டில் முதுகுத் தோல் உரியும் பெண்களோ சிவப்பு 26, கருப்பு 26, முகச்சீட்டு 12 என்று மனப்பாடம் செய்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கணக்கையே தொட முடிகிறது.

கொரோனாவுக்குப் பிறகு 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்தது. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கு என்பது அதன் அடிப்படை. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. யோசனை சரி, பயிற்சியும் கொடுத்தேன். ஆனால் ஒரு பள்ளியில் உன் பெயர் என்ன என்று கேட்டதற்கு மூன்றாம் வகுப்புப் பையன், பெயரைச் சொல்லிவிட்டு "அரும்பு" என்று இனிஷியல் மாதிரி சேர்த்துச் சொன்னான். எனக்கு என் டிசம்பர் மாதப் பிரிவினை ஞாபகம் வந்தது. நிலைகளை ஆசிரியர் நோட்டில் மட்டும் வைத்திருங்கள், பிள்ளைகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கலைத்து உட்கார வையுங்கள், 'அரும்பு' பிள்ளைக்கும் வாரம் ஒரு கடினமான கேள்வி கட்டாயம் கொடுங்கள் என்று அப்புறம் ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னேன். சிலர் செய்தார்கள்.

2023இல் மறுபடி உயர்நிலைப் பள்ளிக்கு வந்தேன். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. வினாத்தாள் மாறியிருந்தது. வடிவியலும் வரைபடமும் 8, 8. ஒரு மதிப்பெண் 14. மொத்தம் 30. ஸ்டாஃப் ரூமில் "இன்னும் அஞ்சுதான் டீச்சர் வேணும்" என்றார்கள். இந்த முறை நான் வகுப்பைப் பிரிக்கவில்லை. யாரையும் எந்தப் பாடத்தையும் விடச் சொல்லவில்லை. தடுமாறுபவர்களுக்குக் கேள்வியை மாற்றாமல் எண்ணை மட்டும் சிறிதாக்கிக் கொடுத்தேன், அது வந்ததும் புத்தக எண்ணுக்கே திரும்பினோம். பலகைக்கு யாரைக் கூப்பிடுகிறேன் என்பதை ஒரு மாணவியை விட்டுக் கோடு போட்டு எண்ணச் சொன்னேன். முதல் வாரக் கணக்கைப் பார்த்து வெட்கமாக இருந்தது. கடைசி இரண்டு பெஞ்சுக்கு ஒரு கோடும் இல்லை. அந்த வருஷம் நூறு சதவீதம் வரவில்லை, மூன்று பேர் தவறிப்போனார்கள். கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. துணைத் தேர்வில் இரண்டு பேர் தேறினார்கள். மூன்றாவது பையனை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பழைய முறையில் அவனைத் தேற்றியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் நிகழ்தகவுக்குச் சீட்டுக்கட்டை ஒதுக்கிவிட்டுத் தாயக்கட்டையை எடுத்துப்போனேன். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் 16 விதமாக விழலாம். இரண்டும் வெற்றாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம் (அதாவது ஒன்று), ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம் உண்டு, இரண்டு, மூன்று, நான்குக்குக் கிடையாது. ஏன் என்று மட்டும் கேட்டேன். பெண் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதினார்கள். பையன்கள் முதல்முறையாக அவர்களிடம் விதி கேட்டார்கள். மூன்று விழ 4 வழி. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழி. தாயத்துக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒன்றே ஒன்று. அரிதாக விழுவதற்குத்தான் மறு ஆட்டம் என்று வகுப்பே கத்தியது.

அதோடு முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கடைசி பெஞ்சில் இருந்த ஒருத்தி, ஆறாம் வகுப்பிலிருந்து 'வராது' என்று பெயர் வாங்கி வந்தவள், எழுந்தாள். "அப்ப இது நியாயமில்லை டீச்சர். ஆறும் பன்னெண்டும் தாயத்தைவிட ரெண்டு மடங்கு கஷ்டம். அதுக்கு ரெண்டு மறு ஆட்டம் குடுக்கணும்." பெல் அடிக்கும்வரை அவள் விதிப்படி ஆடினோம். மறுநாள் வந்து, அப்பத்தாவிடம் இதைச் சொன்னதாகவும், அப்பத்தா ஒரேயடியாக மறுத்துவிட்டதாகவும் சொன்னாள். "தாயம் போட்டாத்தான் காயே இறங்கும், அதுக்கு என்ன கணக்கு வச்சிருக்கேனு கேக்குது டீச்சர்." நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அதற்கும் கணக்குப் போட ஆரம்பித்திருந்தாள், பாதியில் நின்றிருந்தது.